மேல்மாடிக்காரியின் தாடை

அந்தக் கட்டட வேலையில் அவளுக்குப் பெயர் மேல்மாடி. டவர் கிரேன் ஓட்டுகிறவள். காலையில் ஏணியில் ஏறி உச்சியிலிருக்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவாள். அவள் தரையில் நிற்பதைப் பார்த்து, “என்ன, இன்னைக்கு மேல்மாடி காலியா?” என்று யாராவது சிரித்தால், “வாடகைக்கு விட்டிருக்கேன், வேணுமா?” என்பாள்.

கீழே நின்று வாக்கி டாக்கியில் அவளுக்கு வழி சொல்லும் சிக்னல்காரருக்கு, அந்தக் கணக்கில் கீழ்வீடு என்று பெயர் விழுந்திருந்தது. ஐம்பதைத் தாண்டிய மனிதர். எல்லாவற்றிலும் சிக்கனம், பேச்சில் மகா சிக்கனம். சுமை கட்டடத்தின் பின்பக்கம் இறங்கும்போது அவள் கண்ணுக்கு எதுவும் தெரியாது. அவர் “இறக்கு”, “நிறுத்து” என்று சொல்லச் சொல்ல, அவள் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுச் செய்வாள். வருடக்கணக்காக ஒருவர் குரலை ஒருவர் நம்பிப் பிழைத்தவர்கள். எதிரெதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டது அபூர்வம்.

வலி முதலில் காதில்தான் வந்தது. மேலே காற்று அதிகம், அதனால் இருக்கும் என்று அவள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள். பிறகு நெற்றிப்பொட்டு வலித்தது. கொட்டாவி விடும்போது தாடை ஒரு பக்கமாக இழுத்தது. காது டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, காதில் ஒரு குறையும் இல்லை என்றார். வாயைத் திறந்து மூடச் சொன்னார். காதுக்கு முன்னால் ‘டொக்’ என்று ஒரு சத்தம் அவருக்கே கேட்டது.

“பல் டாக்டரப் போய்ப் பாருங்க. நீங்க பல்லைக் கடிக்கிறீங்கன்னு நினைக்கிறேன்.”

வீட்டுக்கு வந்து சொன்னபோது அவள் கணவர் சிரித்தார். “இதக் கண்டுபிடிக்க டாக்டரா வேணும்? பல்லக் கடிச்சுக்கிட்டுதானே இந்த வீட்டுல ரெண்டு பேரும் குடும்பம் நடத்துறோம்!”

அவர் கைபேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். எதையும் பிரித்து மேய்ந்து தானே சரிசெய்துவிடலாம் என்பது அவர் கொள்கை. பல் டாக்டரிடம் போனால் ஒரு பல்லையாவது பிடுங்காமல் அனுப்பமாட்டார்கள் என்பது அவருடைய இன்னொரு கொள்கை. அன்று மாலையே மருந்துக்கடையிலிருந்து ஒரு பெட்டி வாங்கி வந்தார். உள்ளே லாடம் போல் வளைந்த ரப்பர் உறை ஒன்று இருந்தது. வெந்நீரில் போட்டு இளக வைத்து, மேல்பல்லில் மாட்டிக் கடித்தால் பல்லின் அச்சு அதில் பதிந்துவிடும். முதல் உறையை அவர் அடுப்பிலேயே மறந்து, அது பிசின் மாதிரி சுருண்டுபோனது. இரண்டாவது நன்றாக வந்தது.

“எப்படி இருக்கு?”

“வாய்க்குள்ள செருப்பு வெச்ச மாதிரி இருக்கு.”

“பழகிடும்.”

அவருடைய அக்கா தொலைபேசியில் தன் பங்குக்கு ஒரு யோசனை சொன்னாள். அந்த நாத்தனாருக்கும் தலைவலி உண்டு. அவளுடைய டாக்டர் முன்பல்லில் மட்டும் மாட்டுகிற சின்னத் துண்டு ஒன்று கொடுத்திருந்தார். “நகம் அளவுக்குத்தான் இருக்கும், வெளிய தெரியவே தெரியாது. வேணும்னா என்னோடத ஒரு வாரம் போட்டுப் பாரேன்!” என்றாள். அடுத்தவர் வாயிலிருந்து எடுத்ததை மாட்டிக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. “பாக்கலாம் அண்ணி” என்று போனை வைத்தாள்.

ரப்பர் உறையை இரவெல்லாம் போட்டுத் தூங்கினாள். முதல் சில நாட்கள் சுகமாகவே இருந்தது. பிறகு காலையில் எழுந்தால், ராத்திரி பூராவும் கரும்பு கடித்தவள் மாதிரி கன்னம் அசந்துபோயிருந்தது. சாயங்காலத்து வலியும் குறையவில்லை. உறையின் ஓரங்கள் நைந்துகொண்டு வந்தன. அவள் அதை மருந்து போதவில்லை என்று எடுத்துக்கொண்டாள். இரவுக்கு நல்லது பகலுக்குக் கெட்டதாகவா போகும்? உறையை வாயில் மாட்டிக்கொண்டே ஏணி ஏற ஆரம்பித்தாள்.

“வாயில என்ன, கல்கண்டா?” என்று கீழ்வீடு முதல் நாள் கேட்டார். அவர் கேட்ட அபூர்வமான கேள்விகளில் அது ஒன்று. அவள் ஆமாம் என்று சொல்லி வைத்தாள்.

கண்ணாடிப் பலகைகள் ஏற்றுகிற நாளன்று காற்று கொஞ்சம் வேகமாகத்தான் அடித்தது, ஆனால் நிறுத்துகிற அளவுக்கு இல்லை. சட்டத்தில் அடுக்கிக் கட்டிய பலகைகளின் இரண்டு முனையிலும் கயிறு கட்டி, சுமை சுழலாமல் இருக்கக் கீழே இரண்டு தொழிலாளிகள் பிடித்திருந்தார்கள். பாதி உயரம் வந்ததும் காற்று சட்டத்தைச் சாரத்தின் பக்கம் தள்ளுவதை மேலிருந்து அவள் பார்த்தாள்.

“பிடிங்க, பிடிங்க!” என்று கத்தினாள்.

மேலுதடு அந்தத் தடித்த ரப்பரைத் தாண்டி வந்து கீழுதட்டோடு சேரவில்லை. ‘பி’ என்பது ‘வி’ ஆனது. கீழ்வீட்டின் காதில் விழுந்தது, “விடுங்க, விடுங்க!”

அவர் கையை வீசி அப்படியே சொன்னார். ஆட்கள் கயிற்றை விட்டார்கள். சட்டம் அந்தரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிச் சாரத்துக் குழாயில் மோதியது. ஒரு பலகை நொறுங்கி, தடுப்புக்குள் இருந்த வெற்றுத் தரையில் கொட்டியது. அங்கே யாரும் இல்லை. கயிறு உருவியதில் ஒரு தொழிலாளியின் உள்ளங்கை மட்டும் தோலுரிந்தது. அவள் சுமையை நிதானமாகத் தரையில் இறக்கி வைத்தாள். அதற்குப் பிறகுதான் கூண்டை விட்டு இறங்கினாள்.

சைட் இன்ஜினியரின் அறைக்குள் நுழையுமுன் உறையைக் கழற்றிக் கைக்குட்டையில் சுருட்டிக்கொண்டாள். காரணம் ஏதுமில்லை, வாயில் எதையாவது வைத்துக்கொண்டு மேலதிகாரி முன்னால் நிற்பது மரியாதையில்லை என்று தோன்றியது, அவ்வளவுதான்.

இன்ஜினியர் வயதில் அவளைவிடச் சின்னவர், குரலை உயர்த்தாதவர். “யாரு கயித்த விடச் சொன்னது?”

“நான்தான் சார்” என்றார் கீழ்வீடு. “அவங்க சரியாத்தான் சொன்னாங்க. எனக்குத்தான் காது சரியா கேக்கல.”

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று அவளுக்குப் புரியவில்லை. கேட்டது என்ன என்று அவருக்குத் தெரியும். ஒருவேளை அந்தச் சூழ்நிலையில் அதுதான் சீக்கிரம் முடிகிற பேச்சு என்று நினைத்தாரோ என்னவோ. ஆனால் அது முடியவில்லை.

“காது கேக்கலன்னா எப்படிங்க நீங்க சிக்னல் குடுக்க முடியும்?” என்றார் இன்ஜினியர். “டெஸ்ட் எடுத்துட்டு வாங்க. அதுவரைக்கும் வாக்கி டாக்கியத் தொடாதீங்க. ரிப்போர்ட் சரியில்லன்னா வேற வேலைதான் பாக்கணும்.”

கீழ்வீடு தலையாட்டினார்.

அவள் கைக்குட்டையைப் பிரித்து மேஜைமேல் வைத்தாள். “சார், அவர் காதுல ஒண்ணும் இல்ல. என் வாயிலதான்.”

கடிபட்டு நைந்த ரப்பரை இன்ஜினியர் தொடாமல் குனிந்து பார்த்தார். அவள் தாடை வலியில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போதே பல்லைக் கடித்திருப்பது அவளுக்கே தெரிந்தது. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் கிரேன் பக்கம் வேலையில்லை என்று முடிவாயிற்று. அவர் காது டாக்டரிடமும் அவள் பல் டாக்டரிடமும் போய்விட்டு வரவேண்டும்.

வெளியே வந்ததும் அவள், “அண்ணே, எனக்காகப் போய்…” என்று ஆரம்பித்தாள்.

“அத வாயில வெச்சுக்கிட்டா மேல ஏறின?” அவர் குரல் அவள் இதுவரை கேட்காத குரலாக இருந்தது. “கல்கண்டுன்னு சொன்ன. நான் சொல்லித்தானே அந்த ஆளுங்க கயித்த விட்டாங்க. கீழ யாராவது நின்னிருந்தா அந்தப் பாவம் யாருக்கு?”

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். காப்பாற்றப் பார்த்த மனிதரே கோபித்துக்கொண்டு போனது அவளுக்கு இன்ஜினியரின் முடிவைவிடக் கனமாக இருந்தது.

பல் டாக்டர் வேகமாகப் பேசுகிற, வேகமாக நடக்கிற பெண்மணி. அவள் கன்னத்தை இரண்டு பக்கமும் விரலால் அழுத்தி, “கடிங்க” என்றார். பிறகு, “விடுங்க” என்றார். விட்ட பிறகும் தசை கல்லாகவே இருந்தது. கடைவாய்ப் பற்களின் முனை தேய்ந்திருப்பதைக் கண்ணாடியில் காட்டினார். அவள் கைக்குட்டை மூட்டையைத் திறந்ததும் அவர் முதல்முறையாகச் சிரித்தார்.

“நல்லா சாப்பிட்டிருக்கீங்களே!”

“இது மட்டம்னா இருக்கறதுலயே நல்லது எது டாக்டர்? அதையே குடுத்துடுங்க.”

“எது நல்லதுன்னு கேக்காதீங்கம்மா. எது எதுக்குன்னு கேளுங்க. மெத்துனு இருக்கறது சில பேருக்கு ஒத்துக்கும். உங்க வாய் அதச் சாப்பாடுன்னு நினைச்சுக்கிட்டு ராப்பகலா மென்னுருக்கு. தசைக்கு ஓய்வு குடுக்கப் போய், ஓவர்டைம் குடுத்திருக்கீங்க.”

நாத்தனார் சொன்ன சின்னத் துண்டைப் பற்றிக் கேட்டாள்.

“அது அவங்க டாக்டர் அவங்களப் பாத்துக் குடுத்தது. கொஞ்ச நேரம் போட்டா பரவாயில்ல. நாள் பூரா போட்டா, மேல கீழ தொடாம இருக்கற பின்பல்லு மெதுவா எழும்பும். அப்புறம் வாய மூடினா பல்லு ஒண்ணோட ஒண்ணு சேராது. உங்கள மாதிரி, ராத்திரிக்கு நல்லதுன்னா பகலுக்கும் நல்லதுன்னு நினைக்கிற ஆளுக்கு நான் அதத் தரமாட்டேன்.”

அவளுக்குச் சுருக்கென்றது.

“வலி காலைல அதிகமா, சாயங்காலம் அதிகமா?”

அவள் யோசித்தாள். உறை வருவதற்கு முன்னால் காலையில் அவ்வளவாக வலித்ததில்லை. வேலை விட்டு இறங்கும்போதுதான் தாடை கழன்று விழுகிற மாதிரி இருக்கும். லீவு நாளில் வலி வந்ததாகவே நினைவில்லை. சொன்னாள்.

“அப்போ நீங்க தூக்கத்துல கடிக்கறது கொஞ்சம், முழிச்சுக்கிட்டுக் கடிக்கறது நிறைய. இப்போ அவசரப்பட்டு எதுவும் செய்யவேண்டாம். பத்துப் பதினஞ்சு நாள் வாயில எதுவும் வெக்காம இருங்க. எப்ப கடிக்கிறீங்கன்னு மட்டும் பாருங்க. உதடு மூடியிருக்கணும், பல்லு தொடக்கூடாது, நாக்கு மேலண்ணத்துல சும்மா படுத்திருக்கணும். சாப்பிடறப்ப மட்டும்தான் பல்லுக்கு வேலை.”

அவளைச் சாமான் கிடங்கில் போட்டிருந்தார்கள். போல்ட்டுகளையும் கொக்கிகளையும் எடுத்துக் கொடுக்கிற வேலை. கிரேனில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். அவர் கையைத் திருப்புவதில் ஒரு முரட்டுத்தனம் இருந்தது, கம்பி ஊசலாடுவதிலேயே அவளுக்குத் தெரிந்தது. தன் வீட்டில் வேறு யாரோ சமைப்பதைப் பார்க்கிற மாதிரி இருந்தது. ஆனாலும் தாடை வலி நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே வந்தது. மறுமுறை போனபோது டாக்டர் கன்னத்தை அழுத்தினால் விரல் உள்ளே போனது.

“பாத்தீங்களா? அப்போ மேல ஏறினாத்தான் கடிக்கிறீங்க. மேல பேசணுமா?”

“பேசறதுதான் டாக்டர் பாதி வேலை.”

“என்ன பேசுவீங்க? இதப் போட்டுக்கிட்டு ஒருதடவை சொல்லுங்க.” பழைய ரப்பர் உறையைக் கழுவி நீட்டினார்.

அவள் மாட்டிக்கொண்டு, கூண்டில் பேசுகிற அதே குரலில், “ஏத்து! நிறுத்து! இடது பக்கம்! பிடி! மெதுவா இறக்கு!” என்றாள். பல் பிடுங்க வந்து வெளியே காத்திருந்த ஒருவர் எழுந்து வாசல் வரை போய்விட்டதாக வரவேற்பறைப் பெண் பிறகு சொன்னாள்.

டாக்டர் எதையும் கவனிக்காதவர் போலக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். “மேல்பல்லுல தடியா எது போட்டாலும் உங்க உதட்டெழுத்து எல்லாம் போயிடும். கீழ்ப்பல்லுக்குச் செய்யலாம். கெட்டியா, எல்லாப் பல்லையும் மூடற மாதிரி, ஆனா ஒல்லியா. கெட்டியா இருந்தா மெல்ல முடியாது. வழவழன்னு இருக்கறதால பல்லு பிடிமானம் இல்லாம வழுக்கும், தசை கொஞ்சம் விட்டுக்குடுக்கும். ராத்திரி போட்டுத் தூங்குங்க. பகல்ல கொஞ்ச நாள் மட்டும், கடிச்சா உங்களுக்கே தெரியணும்கறதுக்காக. நல்லாப் புரியுதா, கொஞ்ச நாள் மட்டும்.”

குளிர்ந்த பசையைத் தட்டில் வைத்து வாய்க்குள் அழுத்தி அச்செடுத்தார்கள். உறை வந்ததும் டாக்டர் ஒரு நீலத்தாளைக் கடிக்கவைத்து, அழுத்தமாகக் கறை விழுந்த இடங்களைத் தேய்த்துத் தேய்த்து, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தொடும்படி செய்தார். அதற்கே மூன்று தடவை போகவேண்டியிருந்தது. “இவ்ளோ வேலை இருக்கா இதுல?” என்று கணவர் உறையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெந்நீர் வைக்கட்டுமா என்று அவர் கேட்கவில்லை.

இன்ஜினியர் தன் வழக்கப்படி ஒரு சோதனை வைத்தார். கிடங்குச் சுவருக்கு அந்தப் பக்கம் புது உறையை மாட்டிக்கொண்டு அவள், இந்தப் பக்கம் கீழ்வீடு, இருவர் கையிலும் வாக்கி டாக்கி. கீழ்வீட்டின் காது ரிப்போர்ட்டும் அன்றுதான் வந்திருந்தது. இடது காது கொஞ்சம் மந்தம் என்று அதில் எழுதியிருந்தது.

“அன்னைக்கே தெரியுமா உங்களுக்கு?” என்று இன்ஜினியர் கேட்டார்.

“இல்ல சார்” என்றார் கீழ்வீடு. “பொய்யின்னு நினைச்சுத்தான் சொன்னேன்.”

நன்றாகக் கேட்கிற வலது காதில் மாட்டிக்கொள்ள வாக்கி டாக்கிக்கு ஒரு இயர்போன் கொடுத்து அந்த விவகாரத்தை முடித்துவைத்தார்கள். பிறகு அவள் சுவருக்கு அப்பாலிருந்து சொற்களை மாற்றி மாற்றிச் சொன்னாள். “விடு. பிடி. பிடி. விடு. நிறுத்து. பிடி.” அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். எதுவும் தவறவில்லை. கடைசியில் அவரே, யாரும் கேட்காமல், வாக்கி டாக்கியில் “கல்கண்டு இல்லல்ல?” என்றார். அவள், “இல்லண்ணே” என்றாள். அவ்வளவுதான் அவர்கள் சமாதானம்.

மேலே ஏறிய முதல் வாரத்திலேயே உறை தன் வேலையைக் காட்டியது. கடிக்கும்போதெல்லாம் வழுவழுப்பு பல்லில் தட்டியது, அவள் உடனே விட்டாள். அப்படி விட்டு விட்டுப் பார்த்ததில் அவள் எதிர்பாராத ஒன்று தெரிந்தது. கனமான சுமையைத் தூக்கும்போது அவள் கடிக்கவில்லை. காற்றடிக்கும்போதும் இல்லை. பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாமல் சுமை அந்தரத்தில் தொங்க, கீழே ஆள் வரவில்லை என்றோ கட்டை நகர்த்தவேண்டும் என்றோ காரியம் நின்றுபோய், காதில் ஒரு சத்தமும் வராத அந்த நேரத்தில்தான் கடித்தாள். கொக்கியில் இருப்பது இருக்கிறதா, கீழே யார் நிற்கிறார்கள், எதுவும் தெரியாத நேரம். கையால் செய்ய ஒன்றும் இல்லாததால் எல்லாப் பாரத்தையும் பல் பிடித்துக்கொண்டிருந்தது.

மதியம் இறங்கியதும் நேராக அவரிடம் போனாள்.

“அண்ணே, சுமை தொங்கும்போது சும்மா இருக்காதீங்க. ஏதாவது சொல்லுங்க.”

“சொல்றதுக்கு ஒண்ணும் இல்லன்னாத்தானே சும்மா இருக்கேன்?”

“ஒண்ணும் இல்லன்னே சொல்லுங்க. ‘ஆள் வரல, இரு’ன்னு சொல்லுங்க. நீங்க பேசாம இருந்தா எனக்குத் தாடை வலிக்குது.”

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். தன் மௌனம் இன்னொருவர் வாயில் வலியாகும் என்று அவர் வாழ்நாளில் யோசித்திருக்க மாட்டார். சரி என்றார்.

முதலில், “இரு” என்று மட்டும் வந்தது. பிறகு, “ஆள் வரல, இரு.” பிறகு, “ரெண்டு பேர் கட்டையத் தூக்குறாங்க, ஒருத்தன் தூக்குற மாதிரி நடிக்கிறான், இரு.” வாயைத் திறந்த சிக்கனக்காரர் போகப் போகக் கணக்குப் பார்க்காமல் செலவழிக்க ஆரம்பித்தார். வீட்டம்மாவுக்கு முழங்கால் வலி, பேத்தி எந்நேரமும் கார்ட்டூன் பார்க்கிறாள், புதிதாக வந்த மேஸ்திரி தலைக்குச் சாயம் அடிக்கிறான், எல்லாம் மேலே போய்ச் சேர்ந்தது. ஒரு நாள் அவள் பொறுக்கமாட்டாமல், “அண்ணே, போதும், கொஞ்சம் மூச்சு விடுங்க” என்றாள். தரையில் சந்தித்தால் மட்டும் இருவரும் பழையபடி தலையசைத்துவிட்டுப் போனார்கள்.

சில வாரங்கள் கழித்துப் பகலில் உறை போடுவதை டாக்டர் நிறுத்தச் சொன்னார். இரவில் மட்டும் தொடர்ந்தாள். வலி அறவே போய்விட்டதென்று சொல்ல முடியாது. மாதக் கடைசியில் வேலை நெருக்கும்போது வலது கன்னம் கனத்தது, ‘டொக்’ சத்தமும் இருந்தது. சத்தம் மட்டும் வந்து வலிக்காவிட்டால் அதைப் பற்றிக் கவலைப்படவேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பரிசோதனைக்குப் போன ஒரு நாள் டாக்டர் உறையை விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். இடது பக்கம் பளபளப்பு அப்படியே இருந்தது. வலது பக்கம் லேசாக இரண்டு கீறல்.

“இதென்ன, புதுசா?”

“என் வீட்டுக்காரரோட அக்கா பத்து நாள் வந்து தங்கியிருந்தாங்க டாக்டர்.”

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கீறலின் மேல் மெல்லத் தேய்த்தார். தூசியை ஊதித் தட்டிவிட்டு, “கிளம்பிட்டாங்களா?” என்று கேட்டார்.

“நேத்துக் கிளம்பிட்டாங்க.”

“அப்போ சரி” என்று உறையைக் கழுவி அவள் கையில் கொடுத்தார்.